பைபிள் வாங்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்கள்

ஞானஸ்நானத்துக்கோ திருமணத்துக்கோ பைபிள் பரிசளிப்பவர்கள், பெறுபவர் எந்தச் சபை என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளின் பரிசுத்த வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கருக்கு 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகியவை கூடுதல். எஸ்தரிலும் தானியேலிலும்கூடச் சில பகுதிகள் அதிகம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை 81 என்று எண்ணுகிறது.

தமிழில் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மலாக்கி முடிந்ததும் நேரே மத்தேயு வந்தால் அது 66 நூல் பதிப்பு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் இரண்டுக்கும் நடுவே ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற பகுதி இருக்கும். ஆங்கிலக் கத்தோலிக்கப் பதிப்பு என்றால், நெகேமியாவுக்கு அடுத்து தோபித்து இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இவர்கள் எல்லோருக்கும் பொதுவானவை.

சங்கீத எண்ணிலும் கவனம் தேவை. கிரேக்க மரபைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பதிப்புகளிலும் பழைய கத்தோலிக்கப் பதிப்புகளிலும் பல சங்கீதங்களுக்கு ஓர் எண் குறைவு. மேய்ப்பர் சங்கீதமான 23 அங்கே 22. வாழ்த்து அட்டையில் எண்ணோடு முதல் வரியையும் எழுதிவிடுங்கள்.