சந்தையில் மாடு விற்கும்போது பொய்யில்லாமல் பேசுவது எப்படி

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு மாட்டை வண்டி ஏற்றும் முன்பே என்ன பேசப்போகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்கிய பிறகு மனசு விலையில்தான் இருக்கும். பொய் நுழைவது அப்போதுதான். பைபிளில் உபாகமம் 25:13, பெரிதும் சிறிதுமாக இரண்டுவித நிறைகற்களைப் பையில் வைத்திருப்பதையே தடுக்கிறது. எடை போட்டு ஏமாற்றும்வரை அது காத்திருப்பதில்லை.

முக்கியமானது பால் கணக்கு. கடைசி மூன்று நாள் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியாக அளந்து, சராசரியைச் சொல்லுங்கள். கன்று போட்ட புதிதில் கறந்த உச்சத்தை இன்றைய கறவை மாதிரி சொன்னால் அது பொய்தான். முந்தின நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது அதைவிட மோசம். வாய் திறக்காமலே சொல்லும் பொய் அது. பால் கட்டி மடி இறுகும், மாடு வலியில் நிற்கும், மடிநோய் வரவும் வழியாகும். வாங்கினவர் வீட்டில் இரண்டு நாள் கறந்தாலே சாயம் வெளுத்துவிடும். வஞ்சனையால் வந்த உணவு முதலில் இனிக்கும், பிறகு வாயைப் பருக்கைக்கல்லால் நிரப்பும் என்கிறது நீதிமொழிகள் 20:17.

சினை மாடு என்றால் சினை ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். மீதியை வாங்குகிறவரே கணக்குப் போட்டுக்கொள்வார். மருத்துவர் கைவிட்டுப் பார்க்கவில்லை என்றால், "சினைன்னு நெனைக்கறோமுங்க, இன்னும் பார்க்கலீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' என்ற மத்தேயு 5:37 இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். எட்டுப் பல்லும் சேர்ந்த மாட்டுக்குப் பல்லை வைத்து வயது சொல்வது கடினம். எத்தனை கன்று போட்டது என்ற ஈத்துக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

குறையை விலைக்கு முன்னால் சொல்லவேண்டும். "மூணாம் ஈத்துங்க. பின்னால எடது காம்புல பால் கம்மிங்க. புது ஆள் கறந்தா ஒதைக்குமுங்க." இவ்வளவு போதும். விலை கொஞ்சம் இறங்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தரகரிடமும் இதையே முதலில் சொல்லுங்கள். அவர் மறைத்துப் பேசினால் அங்கேயே திருத்துங்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அந்தப் பொய்யில் உங்களுக்கும் பங்குண்டு.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வசனம் உண்டு: 'கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்ட பின்போ மெச்சிக்கொள்வான்' (நீதிமொழிகள் 20:14). விலையைக் குறைக்க இல்லாத குறையைக் கண்டுபிடிக்காதீர்கள். "எங்கிட்ட இவ்வளவுதானுங்க இருக்குது" என்பதும் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லவேண்டியது.

ஏற்கெனவே பொய் சொல்லி விற்றுவிட்டீர்களா? தாமதிக்காதீர்கள். எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசி, எலிசாவால் குஷ்டம் நீங்கின நாகமானிடம் பொய் சொல்லி வெள்ளியும் துணியும் வாங்கினான். அதை மறைக்க எலிசாவிடம் "எங்கும் போகவில்லை" என்று இரண்டாவது பொய் சொல்லவேண்டி வந்தது. கடைசியில் நாகமானின் குஷ்டமே அவனைப் பிடித்தது (2 இராஜாக்கள் 5). லேவியராகமம் 6:5 காட்டும் வழி, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவரிடமே கொடுப்பது. பொய்யால் 5,000 ரூபாய் அதிகம் வாங்கியிருந்தால் 6,000 ரூபாய். தரகர் மூலம் அனுப்பாமல் நேரில் போங்கள். எதை மறைத்தீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுங்கள். மாடே வேண்டாம் என்று அவர் சொன்னால், வாங்கின முழுப் பணத்தையும் கொடுத்து மாட்டை ஓட்டி வர, வண்டி வாடகையையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.