ஸ்காட்லாந்தின் சிறு கழகங்களின் கால்பந்து மைதானங்கள்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றதும் கிளாஸ்கோவின் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுவதே வழக்கம். ஆனால் அந்நாட்டில் கால்பந்து ஊருக்கு ஊர் எப்படி வேரூன்றியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், சில நூறு பேரோ ஓரிரு ஆயிரம் பேரோ கூடும் சிறு மைதானங்களுக்குத்தான் செல்ல வேண்டும். எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ தங்கியிருக்கும் ஒருவர், சொந்த வண்டி இல்லாமல், ஒரே சனிக்கிழமையில் அப்படியொரு மைதானத்துக்குப் போய்த் திரும்புவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: எந்தப் பிரிவு என்று தீர்மானியுங்கள்

தொழில்முறை லீக்கில் 42 கழகங்கள் உள்ளன. முதல் பிரிவான பிரீமியர்ஷிப்பில் 12, அதன்கீழ் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்றிலும் பத்துப் பத்து. முதன்முறை செல்பவர் கடைசி இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவற்றுக்கும் கீழே வடக்கில் ஹைலேண்ட் லீக்கும் தெற்கில் லோலேண்ட் லீக்கும் நடக்கின்றன. லீக் டூவில் கடைசியாக வரும் கழகம், இவற்றிலிருந்து மேலே வரத் துடிக்கும் கழகத்தோடு மோதித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். பெரிக் ரேஞ்சர்ஸ் 2019இலும், பிரீகின் சிட்டி 2021இலும், கௌடன்பீத் 2022இலும், ஆல்பியன் ரோவர்ஸ் 2023இலும் இப்படித்தான் லீக்கை விட்டு வெளியேறின. ஆகவே பழைய பயணக் கையேட்டை நம்பாமல், நடப்புப் பருவத்தின் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள்.

படி 2: கழகத்தின் பெயரை விட்டுவிட்டு மைதானத்தின் பெயரைத் தேடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நம்மூரில் அணியின் பெயரைக் கேட்டதும் ஊர் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் அந்த நம்பிக்கை எடுபடாது. ரெய்த் ரோவர்ஸ் என்ற கழகம் உண்டு, ரெய்த் என்றொரு நகரம் கிடையாது. அவர்களுடைய ஸ்டார்க்ஸ் பார்க் மைதானம் கிர்காடி நகரில் இருக்கிறது. அக்கழகம் வென்ற ஒரு நாளில் "ரெய்த் தெருக்களில் இன்று ஆட்டபாட்டம்தான்" என்று ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளர் சொன்னதாக வழங்கும் கதையைக் கிர்காடிக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குவீன் ஆஃப் தி சவுத் என்பது டம்ஃப்ரீஸ் நகரின் செல்லப்பெயர். அப்பெயரில் ஆடும் கழகத்தின் மைதானம் பாமர்ஸ்டன் பார்க். பார்டிக் திஸில் கழகம் கிளாஸ்கோவின் பார்டிக் பகுதியில் ஆடுவதில்லை, மேரிஹில் பகுதியில் உள்ள ஃபர்ஹில் மைதானத்தில் ஆடுகிறது. ஈஸ்ட் ஃபைஃப் என்பதோ ஒரு வட்டாரத்தின் பெயர். போக வேண்டிய இடம் மெதில் என்ற துறைமுக ஊரில் உள்ள பேவியூ மைதானம்.

இந்தக் குழப்பத்தின் உச்சம் பெரிக் ரேஞ்சர்ஸ். ஸ்காட்லாந்துக் கால்பந்தில் ஆடும் இக்கழகத்தின் ஷீல்ஃபீல்ட் பார்க் மைதானம் எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் இருக்கிறது. 1967 ஜனவரி 28 அன்று கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை ஸ்காட்டிஷ் கோப்பையில் 1-0 என்று வீழ்த்தியது இந்தச் சிறு மைதானத்தில்தான். ஊரின் ரயில் நிலையம் ட்வீட் ஆற்றின் வடகரையில், மைதானம் தென்கரையில். ஆற்றைக் கடந்து நடக்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ரயில் போகுமா என்று பாருங்கள்

வரைபடத்தில் மைதானத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள ரயில் நிலையத்தைத் தேடுங்கள். இந்த ஒரு செயலிலேயே பயணம் எளிதா கடினமா என்பது தெரிந்துவிடும்.

எளிதானவற்றிலிருந்து தொடங்குவோம். கிளாஸ்கோவிலிருந்து செல்பவருக்குக் கிரீனக் மார்ட்டனின் கப்பீலோ மைதானம் ஏற்றது. கார்ட்ஸ்டைக் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். 1879 முதல் அக்கழகம் அங்கேயே ஆடிவருகிறது. டம்பார்ட்டன் ஈஸ்ட் நிலையத்தில் இறங்கினால் டம்பார்ட்டன் கழகத்தின் மைதானம். 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இங்கே பார்வையாளர் மாடம் ஒன்றே ஒன்று, இருக்கைகள் ஏறத்தாழ 2,000. கட்டடம் என்று பார்த்தால் சாதாரணமானது; ஆனால் கோட்டையைத் தலையில் சுமந்தபடி மைதானத்தின் மேல் கவிந்து நிற்கும் எரிமலைப் பாறை எந்தப் பெரிய அரங்கத்துக்கும் வாய்க்காத பின்னணி. எடின்பரோவிலிருந்து ஃபோர்த் பாலத்தைக் கடந்து கிர்காடிக்குப் போகும் ரயில், ஸ்டார்க்ஸ் பார்க்கை உரசினாற்போல் செல்லும். ஆலோவா நகரின் ரிக்ரியேஷன் பார்க்குக்கு 2008இல் ரயில் நிலையம் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு போய்வருவது சுலபமாகிவிட்டது. ஸ்டென்ஹவுஸ்மியூரின் ஓகில்வியூ பார்க்குக்கு லார்பர்ட் நிலையத்திலிருந்து இருபது நிமிடம் போல நடக்க வேண்டும்.

சில இடங்களில் நிலைமை அண்மையில்தான் மாறியது. லீவன் நகருக்கு 1969இல் நின்றுபோன பயணிகள் ரயில் 2024 ஜூன் 2 அன்று மீண்டும் வந்தது. அதுவரை பேருந்தை நம்பியிருந்த பேவியூவுக்கு இப்போது லீவன் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கடினமானவற்றில் ஃபார்ஃபர் அத்லெடிக்கின் மைதானத்துக்குப் பெயரே ஸ்டேஷன் பார்க். பெயரில் இருக்கும் ஸ்டேஷன் ஊரில் இல்லை. பயணிகள் ரயில் 1967இல் நின்றுவிட்டது. டண்டீ வரை ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். பீட்டர்ஹெட்டின் பால்மூர் மைதானத்துக்கும் ரயில் இல்லை; அபர்டீனிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்ட்ரான்ரேயருக்கு ரயில் உண்டு என்றாலும் அது அடிக்கடி கிடையாது. திரும்பும் வண்டியின் நேரத்தை எழுதிவைத்துக்கொண்டுதான் அங்குள்ள ஸ்டேர் பார்க் மைதானத்துக்குள் நுழைய வேண்டும். முதல் பயணத்துக்கு இந்த மூன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: ஆட்டம் நடக்கிறதா என்று காலையில் உறுதிசெய்யுங்கள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்தரை உறைந்தோ நீர் தேங்கியோ போனால் நடுவர் தரையைப் பார்வையிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார். இந்த அறிவிப்பு பெரும்பாலும் அன்று காலையில்தான் வரும். என் இரண்டாவது பயணத்திலேயே இதைப் பார்க்காமல் கிளம்பி, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, பூட்டிய வாயிலையும் அதில் ஒட்டியிருந்த ஒரு தாளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று முதல் ரயில் ஏறுமுன் கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

குளிர்காலத்தில் செயற்கைப் புல்தரை உள்ள மைதானத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்த அபாயம் பெருமளவு குறையும். மான்ட்ரோஸின் லிங்க்ஸ் பார்க், ஆலோவா, ஸ்டென்ஹவுஸ்மியூர், ஃபார்ஃபர் ஆகியவை அத்தகையவை. செயற்கைத் தரையில் பந்து எகிறும் விதம் பலருக்குப் பிடிப்பதில்லை, எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் வாரம் முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் மகளிர் அணிகளுக்கும் அதே தரையை வாடகைக்கு விட்டுத்தான் சிறு கழகங்கள் பிழைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படி 5: எங்கே நிற்பது, எங்கே உட்காருவது

லீக் டூ ஆட்டமொன்றுக்கு நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்குப் பதினைந்து பவுண்டைச் சுற்றி இருக்கும். பல இடங்களில் சுழல்வாயிலிலேயே பணம் கட்டலாம். ரொக்கமா அட்டையா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் மூன்று பக்கங்களில் கூரையில்லாத சிமெண்டுப் படிகளும் ஒரு பக்கத்தில் கூரையுள்ள மாடமும் இருப்பது பழைய மைதானங்களின் பொதுவான அமைப்பு. மழை வருமென்றால் மாடத்துக்குப் போங்கள். இல்லையென்றால் படிகளில் நிற்பதுதான் சுவை. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அதட்டுவது முதல் நடுவரிடம் முறையிடுவது வரை எல்லாம் காதில் விழும்.

எல்லா இடத்திலும் இந்த நெருக்கம் கிடைக்காது. கௌடன்பீத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஆடுகளத்தைச் சுற்றிப் பந்தயக் கார்களுக்கான தார்ப்பாதை ஓடுவதால் பார்வையாளர்கள் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஷீல்ஃபீல்டிலும் மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை அப்படியே குறுக்கிடுகிறது. மாறாக, பிரீகினின் கிளீப் பார்க்கில் ஒரு பக்கம் முழுவதும் மதிலுக்குப் பதிலாக உயரமான பசும்வேலி நிற்கிறது.

சக்கர நாற்காலியில் வருவோரும் முதியோரும் கழகத்துக்கு முன்னதாக எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. பழைய மைதானங்களில் சரிவுப் பாதையும் கழிப்பறையும் எந்தப் பக்கம் என்பது போன பிறகு தேடும் விஷயமல்ல.

படி 6: வயிற்றுக்கு

'பை' என்றதும் துணிப்பையை நினைக்க வேண்டாம். அரைத்த ஆட்டிறைச்சியை மொறுமொறுப்பான மாவுக் கிண்ணத்தில் அடைத்துச் சுடும் ஸ்காட்ச் பைதான் இம்மைதானங்களின் தேசிய உணவு. அதோடு போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாற்றைச் சுடச்சுடக் குடிப்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் தேநீர் கேளுங்கள். 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டக் கலவரத்துக்குப் பின் வந்த சட்டத்தால் மைதானத்துக்குள் மதுவைக் கொண்டுபோவதும் குற்றம், குடிபோதையில் நுழைய முயல்வதும் குற்றம்.

ஒரு மாதிரிப் பயணம்: ஆர்பிரோத்தின் கேஃபீல்ட் பார்க்

மேற்சொன்ன படிகளை ஒரு மைதானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். எடின்பரோவிலிருந்து அபர்டீன் நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறினால் ஃபோர்த் பாலம், டே பாலம் இரண்டையும் கடந்து ஒன்றரை மணி நேரம் போல ஆர்பிரோத்தை அடையலாம். நிலையத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் வழி கேட்கத் தேவையில்லை. கடலுக்கு முன்னால் கடைசியாக நிற்பது கேஃபீல்ட்தான். ஏறத்தாழ 6,600 பேர் கொள்ளும் இடத்தில் இருக்கைகள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் மூன்று பக்கமும் படிகளில் நிற்கிறார்கள்.

வடகடலின் அலை எட்டும் இடத்துக்கும் மைதான மதிலுக்கும் இடையே சில மீட்டர்தான். கடல் கொந்தளிக்கும் நாட்களில் நீர்த்திவலைகள் மதிலைத் தாண்டி உள்ளே விழும். காற்று வீசத் தொடங்கினால் கோல்கீப்பர் உதைத்த பந்து நடுவானில் தயங்கி, அவர் பக்கமே திரும்பி வருவதைக் காணலாம். இரு தரப்பு ரசிகர்களையும் பிரித்துவைக்காத நாட்களில், இடைவேளையின்போது தங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கத்துக்குக் கூட்டமே இடம் மாறி நடக்கும். நீங்களும் உடன் நடக்கலாம்.

இக்கழகம் 1885 செப்டம்பர் 12 அன்று பான் அக்கார்டு அணியை 36-0 என்று தோற்கடித்தது. அதில் ஜான் பெட்ரி மட்டும் 13 கோல்கள். அதே நாளில் டண்டீ ஹார்ப் என்ற அணி வேறொரு ஆட்டத்தில் 35-0 என்று வென்றும் மிகப் பெரிய வெற்றி என்ற சாதனையை ஒரே கோலில் தவறவிட்டது. நம் காலத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடும் வீரர்களோடு 2021-22 பருவத்தில் சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் வந்ததை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. நண்பகலுக்கே வந்துவிட்டால், மைதானத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிக்னல் டவர் அருங்காட்சியகம் திறந்திருந்தால் அங்கே பெல் ராக் கலங்கரை விளக்கத்தின் கதையைப் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடக்கலாம். இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மரப்புகையில் வேகவைத்த ஹேடக் மீனை அங்கே ஸ்மோக்கி என்று விற்கிறார்கள். அதை ஆட்டத்துக்கு முன்பே துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று பையில் வைத்துக்கொண்டால், காற்று உங்கள் பக்கமிருந்து வீசும்போதெல்லாம் முன்வரிசையில் நிற்பவர்கள் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.