உப்புக்காற்று ஊரில் வைஃபை சிக்னல்: ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன்

தங்கச்சிமடத்தில் மாமா வீட்டு வைஃபையைச் சரிபண்ணிக் கொடுத்ததிலிருந்து, சொந்தத்தில் யாருக்கு நெட் சுற்றினாலும் போன் எனக்குத்தான் வருகிறது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) வாங்கலாம்?" இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நம் கடலோர வீடுகளில் சிக்னல் படுப்பதற்குப் பெரும்பாலும் ரூட்டர் பெட்டியை வைத்த இடம் காரணமாக இருக்கும், இல்லையென்றால் உப்பு. இந்த இரண்டையும் பார்க்கப் பெரிய செலவில்லை. அதற்கும் மசியாவிட்டால் என்ன செய்வது என்பது கடைசிப் படியில் இருக்கிறது.

ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போகத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

படி 1: கோளாறு லைனிலா, வைஃபையிலா?

லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக ரூட்டரில் சொருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். அதிலேயே வேகம் இல்லையென்றால் வைஃபையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடும் முன் ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஒரு எண் இருக்கும், ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் சக்தி அது, டிபிஎம் என்ற அலகில் இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். வீடுகளுக்கு வரும் வழக்கமான ஃபைபர் இணைப்பில் இது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ போனால் வழியில் எங்கோ இணைப்பு சரியில்லை. இந்த எண்ணைச் சொன்னால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற பேச்சு பாதியில் நின்றுவிடும்.

ஃபைபர் வயரின் பச்சைத் தலையைக் கழற்றித் துணியால் துடைக்காதீர்கள். அதற்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். அது அவர்கள் வேலை.

படி 2: கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்

போனில் தெரியும் மூன்று கோடு, நான்கு கோடு எல்லாம் ஒப்புக்குத்தான். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் நிறைய வரும். விளம்பரம் இல்லாத, மூலநிரல் திறந்து வைத்திருக்கும் ஒன்றை எடுங்கள். "சிக்னலை இரட்டிப்பாக்குகிறோம்" என்று சொல்லும் ஆப்களை இறக்கவே வேண்டாம், எந்த ஆப்பாலும் அது முடியாது. ஐபோன்காரர்களுக்கு ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப் இருக்கிறது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பெயருக்குள் போய் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால்தான் எண் தெரியும்.

இங்கேயும் டிபிஎம்தான், மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் போகும். மைனஸ் 75ல் முகம் உறையும். மைனஸ் 80ல் வாட்ஸ்அப் செய்தி போவதே பெரிய காரியம். 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. மேலே சொன்ன ஃபைபர் எண்ணையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வைஃபையில் மைனஸ் 25 என்றால் ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃபைபரில் அதே மைனஸ் 25 கிட்டத்தட்ட விளிம்பு.

அறை அறையாகப் போய், கதவைச் சாத்தி, எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். கதவைச் சாத்தித்தான் எடுக்க வேண்டும், ராத்திரி எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் போன் பார்ப்பார்கள்.

படி 3: பெட்டியை நகர்த்துங்கள்

மாமா வீட்டில் கேபிள்காரர் ரூட்டரை மாட்டியிருந்தது வாசல் பக்கத்து மூலையில், ஈபி மீட்டருக்குக் கீழே. வயர் அங்கேதான் உள்ளே வருகிறது, அவருக்கு அதோடு வேலை முடிந்தது. பெட்டிக்கும் பின்பக்க அறைக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த கதவோடு. பீரோவுக்கு முன்னால் மைனஸ் 52, பின்னால் இரண்டடி தள்ளி மைனஸ் 71. "மாப்ள, பெட்டியவே மாத்திருவமா?" என்றார். மாற்றவில்லை. ஹால் நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மரப்பலகை அடித்து வைத்தோம், பின்னறை மைனஸ் 60க்கு வந்துவிட்டது.

இரும்பு, கண்ணாடியின் பின்பூச்சு, தகரக் கூரை எல்லாம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் குடித்துவிடும், அதனால் டிரம், தண்ணீர்த் தொட்டி, மீன்தொட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் கெட்டிதான். கீழக்கரை மாதிரி ஊர்களின் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிமனான சுவர் இருக்கும். அங்கே ஒரு ரூட்டரால் மூன்று அறையைத் தாண்டுவது நடக்காத காரியம், நேரே படி 6க்குப் போய்விடுங்கள்.

ஆண்டெனாவை நிமிர்த்தி வைத்தால் அலை பக்கவாட்டில் பரவும், நுனிக்கு நேர் மேலே குறைவாகத்தான் போகும். மாடியிலும் ஆள் இருந்தால் ஒன்றை நிமிர்த்தி, இன்னொன்றைப் படுக்கவையுங்கள். ஆண்டெனாவுக்குப் பின்னால் அலுமினியத் தாள், பீர் டின் எல்லாம் வைக்கச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடலாம். ரூட்டர் உரக்கப் பேசினால் மட்டும் போதாது, உங்கள் போன் அதன் சின்ன ஆண்டெனாவை வைத்துக்கொண்டு திரும்பப் பதில் சொல்லவும் வேண்டும். பெரிய ஆண்டெனா ரூட்டர் வாங்கியும் கோடு நிறையத் தெரிந்து நெட் ஓடாமல் இருப்பது இதனால்தான்.

படி 4: உப்பு

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தப் படியே இருக்காது.

காற்றில் வரும் உப்பு வீட்டுக்குள் எல்லாப் பொருளிலும் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரையில் பல ராத்திரி அப்படித்தான். கரைந்த உப்புநீரும் இரண்டு உலோகமும் ஒரே இடத்தில் இருந்தால் அரிப்பு ஆரம்பம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த சன்னலோரம் ரூட்டர் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

எங்கே பார்ப்பது? கரண்டை ஆஃப் பண்ணி, அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, லேன் கேபிளின் ஜாக்கைக் கழற்றி போன் டார்ச்சில் பாருங்கள். எட்டுத் தகடுகள் வரிசையாகத் தங்க நிறத்தில் மின்ன வேண்டும். மாமா வீட்டு ஜாக்கில் ஓரத்திலிருந்து இரண்டு தகடு கறுத்து, அடியில் பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு வயரும் வேண்டும். ஒரு ஜோடி போனாலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. ரூட்டர் செட்டிங்ஸில் அல்லது லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் 'லிங்க் ஸ்பீடு' 1000 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த ரூட்டர்களின் போர்ட்டே 100தான், அதில் 100 என்று காட்டினால் பதற வேண்டாம்.

களிம்பு பிடித்த ஜாக்கைச் சுத்தம் செய்து காலம் கழிக்காதீர்கள். வெட்டிவிட்டுப் புது ஜாக் அடியுங்கள், விலை சில ரூபாய்தான். கிரிம்பிங் டூல் இல்லையென்றால் கம்ப்யூட்டர் கடையில் அடித்துத் தருவார்கள். ரூட்டரின் போர்ட்டை மாற்ற முடியாது என்பதால் அதை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். பெட்ரோல், தின்னர், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது.

அடாப்டரின் குண்டு முனையும் இதே கதைதான். அங்கே களிம்பு இருந்தால் 12 வோல்ட் முழுதாகப் போகாது. பெட்டி ராத்திரியில் தானாக அணைந்து எரிவதும் வைஃபை காணாமல்போய் வருவதும் அதனால் இருக்கலாம். ஆண்டெனா கழற்றுகிற மாதிரி என்றால் அந்தத் திருகையும் கழற்றித் துடைத்துத் திரும்ப முறுக்குங்கள்.

உப்புக்குப் பயந்து ரூட்டரை பாலிதீன் பையில் கட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் அதுவே செத்துப்போகும். சன்னலிலிருந்து தள்ளி, உள்சுவரில் வைப்பதுதான் வழி.

படி 5: சேனல்

சேனல் என்பது வைஃபை அலைவரிசைக்குள் ரூட்டர் பேசும் தடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றில் எது காலியோ அதை வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். நடுவில் உள்ள எண்கள் வேண்டாம், இரண்டு பக்கத்துக்காரரோடும் மோதும். வைஃபை பெயரின் வாலில் 5ஜி என்று வருவது 5 கிகாஹெர்ட்ஸ், சிம் கார்டின் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் களைத்துவிடும். ஒரே அறையில் இருந்தால் 5, தள்ளிப் போனால் 2.4.

படி 6: இதற்கும் சரியாகவில்லையா? கேபிள் இழுங்கள்

சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் கேட்டு அதே ரேடியோவால் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும். அதற்குப் பதில் அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரைப் பின்னறையில் வைத்து, நடுவில் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைப்பது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. நம் காற்றில் வெட்டிய முனையிலிருந்தே அது அரிக்க ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் முனையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக மின்னினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். வெளிச்சுவரில் போவதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டது வேண்டும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப்போகும்.

இனி, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். இங்கே வரிசை முக்கியம்.

பழைய ரூட்டரை மெயின் ரூட்டரோடு சேர்க்காமல் லேப்டாப்பில் மட்டும் இணைத்து உள்ளே போங்கள். 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மெயினில் உள்ளபடி வையுங்கள், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் மெயினில் உள்ளபடியே வையுங்கள், சேனல் மட்டும் வேறு. அடுத்து அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். மெயின் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. மெயின் ரூட்டர் போன்களுக்கு வழங்கும் எண் வரிசையில் 2 இருந்தால், வரிசையை 10லிருந்து தொடங்கும்படி மெயினில் மாற்றிவிடுங்கள். புது முகவரியில் திரும்ப உள்ளே போய், கடைசியாக டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி வழங்கும் வேலையை) ஆஃப் செய்யுங்கள். இதை முதலிலேயே ஆஃப் செய்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, உங்களால் உள்ளேயே போக முடியாது. ரீசெட் துளையில் குத்தித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

ஆஃப் செய்யாமல் விட்டால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கும். பழையதிடம் வாங்கிய போன் நெட்டுக்கும் அதனிடமே போய் நிற்கும், அதனிடம் நெட் கிடையாது. ஒரு போனில் ஓடும், பக்கத்துப் போனில் 'கனெக்டட், நோ இன்டர்நெட்'. ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

கேபிளை மெயினின் லேன் போர்ட்டிலிருந்து எடுத்துப் பழையதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். நிறம் வேறாக இருக்கும் வான் (WAN) போர்ட், அதாவது வெளியிலிருந்து நெட் வரும் துளை, காலியாகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை

இரண்டு ரூட்டர் வைத்தபின் போன் பழைய இடத்தையே பிடித்துத் தொங்குகிறது என்று தொண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எதில் சேர்வது என்று முடிவெடுப்பது போன்தான். மெயின் ரூட்டரின் 'டிரான்ஸ்மிட் பவர்' ஹையில் இருந்தால் மீடியத்துக்கு இறக்குங்கள், பின்னறைக்குப் போனதும் சீக்கிரம் கைமாறும்.

உச்சிப்புளி வாசகர் ஒருவர் கடற்படை விமானத்தளமும் கப்பல் ரேடாரும் வைஃபையைக் கெடுக்குமா என்று கேட்டார். கப்பல் ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுபவை, நம் அலைவரிசையில் இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் போல ஏதாவது கேட்டால் ரூட்டர் உடனே இடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. புதுச் சேனலில் உட்காரும் முன் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கவும் செய்யும். உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் மறைந்து மறைந்து வந்தால் சேனலில் 'ஆட்டோ'வை விட்டுவிட்டு 36லோ 149லோ நிறுத்திவையுங்கள்.

தோப்பு வீட்டுக்கும் இந்தக் கேபிளையே இழுக்கலாமா என்று கேட்டவருக்கு: இரண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் பக்கத்தில் எங்காவது விழுந்தாலே இரண்டு பக்கத்துப் போர்ட்டும் கருகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் சேர்க்கும் சின்னப் பெட்டி) போடுங்கள். ஏற்கெனவே செம்பு இழுத்திருந்தால் வானம் கறுத்ததும் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள்.