பல்கலைக்கழக நிலம் உங்கள் பொறுப்புக்கு வந்தால்

ஒரு பல்கலைக்கழகத்தில் பண்ணை மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் மாதமே ஒரு தப்பு செய்தேன். கோரையும் முள்ளும் மண்டிக் கிடந்த அரை ஏக்கரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, டிராக்டரை விட்டு உழுதுவிட்டேன். மறுநாள் ஒரு பேராசிரியை வந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உழாமல் விட்ட மண்ணில் எந்தச் செடி எப்போது தலைகாட்டுகிறது என்று ஆறு வருடமாக அவர் கணக்கெடுத்து வந்த திடல் அது. அவர் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதனால், முதல் மூன்று மாதம் எதையும் வெட்டாதீர்கள், உழாதீர்கள். நடங்கள்.

எல்லையிலிருந்து தொடங்குங்கள். அளவை வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கே அதிக வருடம் வேலை பார்த்தவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் போன எல்லைக்கல் வரைபடத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு சுற்றாவது கொட்டும் மழையில் போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் வெயிலில் தெரியாது.

அப்புறம் வரைபடத்தில் மூன்று நிறம் தீட்டுங்கள்: ஆய்வுத் திடல்கள், வருமானத்துக்கான சாகுபடி, காடாகவும் புல்வெளியாகவும் விட்டுவைத்தவை. ஒவ்வொரு துண்டுக்கும் யார் பொறுப்பு, எந்த வருடம்வரை, தொடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். பதில் கிடைக்காத துண்டை ஆய்வுத் திடல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பயம் தேவையா என்றால், தேவைதான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மாரோ திடல்களில் 1876 முதல் மக்காச்சோளம் விளைகிறது. பக்கத்தில் நூலகம் கட்டியபோது பயிர்மேல் நிழல் விழக்கூடாது என்று கட்டடத்தையே நிலத்தடியில் இறக்கினார்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயல் 1888இல் தொடங்கியது. அங்கே ஒரு புல் திடலில் எடுத்த மண்ணிலிருந்துதான் ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிடைத்தது. பார்வைக்கு வெறும் புல்!

மரத்துக்கும் இதே கதைதான். பட்டுப்போன மரம் என்றாலும் கோடாலி எடுக்கும் முன் அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். தகடு, வர்ண வளையம், பறவைகள் கூடு கட்ட மாட்டிய கூட்டுப் பெட்டி ஏதாவது இருக்கும். ஆக்ஸ்ஃபர்டின் வைத்தம் காட்டில் கூட்டுப் பெட்டிகளை வைத்து 1947 முதல் பட்டாணிக்குருவிகளைக் கவனித்து வருகிறார்கள். அங்கே ஒரு பெட்டியைக் கழற்றினால் எத்தனை தலைமுறைக் கணக்கில் ஓட்டை விழும்!

சாகுபடி நிலத்தில் மண் பரிசோதனைக்கான மாதிரியை நீங்களே எடுக்கலாம். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் மேல் சருகை ஒதுக்குங்கள். மண்வெட்டியால் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் தடிமனுக்கு மண்ணைச் சீவுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். இரும்பு வாளி வேண்டாம், நுண்ணூட்டக் கணக்கு தப்பிவிடும். ஆய்வுத் திடல் பக்கம் இந்த மண்வெட்டியோடு போகவே போகாதீர்கள்.

கடைசியாகப் பலகை. மரக்குச்சி நட்டால் இரண்டு மழையில் மக்கிவிடும். இரும்புக் குழாயை அடித்து இறக்கி, ‘உழாதே’ என்று டிராக்டர் இருக்கையிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். ஓட்டுநர் கையில் உங்கள் வரைபடம் இருக்காது.