அலுவலகத் தொலைபேசிக்கு மின்சாரமும் பேட்டரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத் தொலைபேசி அமைப்புகளை நிறுவும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு நிற்கும்போதெல்லாம், இத்துறையில் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கும் அதே தவறுகள் மீண்டும் என் கண்முன்னே நடக்கின்றன. பிளக்கைச் செருக மறப்பது, சுவிட்சைப் போடாமல் பழுது தேடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. மின்சாரம் இருக்கும்வரை எதையும் காட்டிக்கொடுக்காமல், மின்வெட்டு வந்த நிமிடத்தில் மட்டும் வெளிப்படும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

இபிஏபிஎக்ஸுக்கு மட்டும் பேட்டரி வைப்பது

இபிஏபிஎக்ஸ் என்பது அலுவலகத்துக்குள் இருக்கும் தொலைபேசி இணைப்பகம். செம்புக் கம்பி வழியாக இணைப்பு வந்த காலத்தில், வெளியிலிருக்கும் தொலைபேசி நிலையமே கம்பியின் வழியாக மின்சாரத்தையும் அனுப்பியது. அதனால் அலுவலகத்தில் மின்சாரம் போனாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. இப்போது இணைப்பு பெரும்பாலும் ஃபைபர் வழியாக வருகிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இபிஏபிஎக்ஸுக்குப் பேட்டரி வைத்துவிட்டு ஃபைபர் மோடத்தைச் சுவரிலுள்ள சாதாரணப் பிளக்கில் விட்டுவிட்டால், உள்ளுக்குள் இண்டர்காம் பேசலாமே தவிர வெளியே ஒரு அழைப்பும் போகாது. ஐபி தொலைபேசியாக இருந்தால் அதற்கு நெட்வொர்க் கம்பி வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்சும் இந்தக் கணக்கில் சேரும். மேசைமேல் இருக்கும் ரிசீவரில் தொடங்கி, வெளியிலிருந்து கம்பி உள்ளே நுழையும் இடம்வரை நடந்து பாருங்கள். வழியில் அடாப்டர் செருகியிருக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பின்துணை வேண்டும்.

நான்கு பேட்டரிகளில் ஒன்றை மட்டும் மாற்றுவது

இந்தத் தவற்றைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் பணத்தை மிச்சப்படுத்துவதாக உண்மையாகவே நம்புகிறார்கள்.

48 வோல்ட் அமைப்பில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைக்கிறோம். ஒவ்வொன்றிலும் 6 செல்கள், மொத்தம் 24. செல்லுக்கு ஏறத்தாழ 2.27 வோல்ட் என்ற கணக்கில் சார்ஜர் 54.5 வோல்ட் அளவில் தொடர் முழுவதையும் மிதவைச் சார்ஜில் (நிரம்பிய பேட்டரியை நிரம்பியபடியே காக்கும் சிறு சார்ஜில்) வைத்திருக்கும். சார்ஜருக்குத் தெரிவது இந்த மொத்தம் மட்டுமே. அந்த 54 வோல்ட்டை நான்கு பேட்டரிகளும் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை அது பார்ப்பதில்லை. நான்கும் ஒரே வயதாக இருந்தால் பங்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் அந்தச் சமநிலை போய்விடுகிறது.

ஓர் அலுவலகத்தில் மின்சாரம் போன பத்து நிமிடத்தில் தொலைபேசி முழுவதும் ஊமையாகிவிடுகிறது என்று அழைத்தார்கள். பேட்டரி போன மாதம்தான் மாற்றியது என்றும் சொன்னார்கள். மின்சாரம் இருக்கும்போது மல்டிமீட்டரை இரு கோடிகளிலும் வைத்தால் 54.3 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக அளந்தபோது 14.6, 13.1, 13.5, 13.1 என்று காட்டியது. 14.6 காட்டியதுதான் புதிது. அதன் பக்கவாட்டுச் சுவர் ஏற்கெனவே லேசாக உப்பியிருந்தது. தேவைக்கு மேல் வோல்ட் ஏறிய பேட்டரி உள்ளிருக்கும் நீரை வாயுவாக இழக்கிறது. மூடிய வகைப் பேட்டரியில் திரும்ப நீர் ஊற்ற வழியில்லை. குறைவாகப் பெறும் பழையவையோ முழுச் சார்ஜ் ஏறாமல் தகடுகளில் சல்பேட் படிந்து மேலும் கெடுகின்றன.

மின்வெட்டின்போது நிலைமை இன்னும் மோசம். தொடரில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். கிழ மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டியதுபோல, தளர்ந்த பேட்டரி தீர்ந்துபோன பிறகும் மற்றவை அதை இழுத்துக்கொண்டே போகும். மூன்று பேட்டரிகள் 12.2 வோல்ட்டிலும் ஒன்று 6 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் 42.6. பெரும்பாலும் 42 வோல்ட்டில் துண்டிக்கும்படி அமைக்கப்படும் பாதுகாப்பு, இன்னும் எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். 10.5 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாத அந்தப் பேட்டரியில், சில செல்கள் முனை மாறிச் சார்ஜ் ஆகும் நிலைக்குக்கூட வந்துவிடும். அதற்குப் பிறகு அது தேறாது. அதையும் தனியாக மாற்றுவார்கள். சில மாதங்களில் அடுத்தது போகும். இப்படியே நான்கையும் தவணையில் வாங்கி முடித்தபிறகும், அலுவலகத்தில் ஒழுங்கான ஒரு தொகுப்பு இருக்காது.

நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே நிறுவனத்தின், ஒரே கொள்ளளவில், இயன்றால் ஒரே மாதத்தில் தயாரானவையாக வாங்குங்கள். மேலே உள்ள தேதிக் குறியீட்டைக் கடையிலேயே பாருங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் கிடந்தது புதிய பேட்டரி ஆகாது. தொகுப்பு முழுவதும் புதிதாக இருக்கும் முதல் சில மாதங்களில் ஒன்று பழுதானால் மட்டும், உத்தரவாதத்தின்கீழ் அதே வகையைத் தனியாக மாற்றுவதை ஏற்கலாம். பழைய நான்கில் இன்னும் உயிருள்ளதை வீணாக்க மனமில்லையென்றால் அவசர விளக்கு போன்ற தனி 12 வோல்ட் வேலைக்குக் கொடுங்கள். தொடருக்குள் மட்டும் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

எர்த்தை எதிர்முனையில் கொடுப்பது

வண்டிப் பேட்டரியைக் கையாண்டு பழகியவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். வண்டியில் பெரும்பாலும் எதிர்முனை உடலோடு சேரும். தொலைபேசித் துறையின் 48 வோல்ட் அமைப்பில் மரபாகவே நேர்முனைதான் எர்த். ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பிகள் மின்வேதி அரிப்பால் தேயாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இபிஏபிஎக்ஸின் கையேட்டில் எந்த முனை என்று பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

பேட்டரியருகே ப்யூஸ் இல்லாமல் விடுவது

சிறிய பேட்டரிகூடக் குறுக்கிணைப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும்.

ஆம்பியர் மணியை அப்படியே வகுப்பது

7 ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால், பொதுவாக அது 0.35 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 7 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அரை மணி தாண்டினாலே அதிகம். எடுக்கும் வேகம் கூடக்கூடக் கிடைக்கும் அளவு சுருங்குகிறது. தவிர, கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது துறையின் பொதுவழக்கு. எனவே ஆயுளின் கடைசி மாதத்திலும் போதுமான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்றில்லாத அலமாரியில் பூட்டி வைப்பது

25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

லேசர் பிரிண்டரை அதே யுபிஎஸ்ஸில் செருகுவது

கூடாது.

வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சோதனை முடிந்தது என்பது

சார்ஜர் ஓடும்போது அளக்கும் வோல்ட், பேட்டரியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் வெளியே ஓர் அழைப்பு செய்து பேசுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து, தேதியோடு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் கீழே விழுந்தால் தொகுப்பை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். செம்புக் கம்பி இணைப்பு இன்னும் ஒன்றாவது மிச்சமிருந்து, மின்சாரம் முற்றிலும் போனால் அதைக் குறிப்பிட்ட ஓர் எக்ஸ்டென்ஷனோடு நேரே சேர்க்கும் வசதி உங்கள் இபிஏபிஎக்ஸில் இருந்தால், அந்தச் சோதனையின்போதே பேட்டரியையும் கழற்றி, அந்த எக்ஸ்டென்ஷனில் டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.