அழுகையில் மூச்சு நின்றுபோகும் குழந்தைக்கு

கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கியதும் வீறிட்டு அழும் குழந்தை, அடுத்த மூச்சை இழுக்காமல் வாயைத் திறந்தபடியே இருந்துவிடும். உதடு நீலம் பாரிக்கும், சில நேரம் துவண்டு விழும். பெற்றவர்களுக்குப் பதறத்தான் செய்யும். ஆனால் பிள்ளை இதை வேண்டுமென்றே செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். அதுவரை தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றுவதோ விரலை விடுவதோ கூடவே கூடாது. தெளிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள், சரி. அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்காதீர்கள்.

முதல் முறை வந்ததுமே மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்த்துவிடுங்கள். குறைவைச் சரிசெய்தால் பல குழந்தைகளுக்கு இது வருவதே குறைகிறது. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு திரும்பாவிட்டால் உடனே 108.