பொது இடத்தில் சமயம்: இருதரப்பினரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் இடங்களில் அண்டை வீட்டாரின் உறவை மெல்ல மெல்லக் கெடுப்பவை பெரும்பாலும் சின்னச் சின்னத் தொல்லைகளே. விடியலுக்கு முன்பே அலறும் கூம்பு ஒலிபெருக்கி, விழாவுக்காக அரைநாள் அடைபட்டுக் கிடக்கும் தெரு, அழைப்புமணியை அழுத்திவிட்டுத் தம் சமயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் அறிமுகமற்றவர், அலுவலகக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்றே ஆக வேண்டிய ஒரு பிரார்த்தனை, குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் வந்து விழும் பக்திப் படங்கள் என அவை பலவகைப்படும். இவற்றுள் எதுவும் தீர்க்க இயலாத சிக்கல் அன்று. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் நீடித்துப் பகையாக முற்றுவதற்குக் காரணம், தொல்லை தருபவரும் தொல்லைப்படுபவரும் ஒரே தவறைச் செய்வதுதான். ஒலியளவு, நேரம், இடம் ஆகியவற்றைப் பற்றி நடக்க வேண்டிய பேச்சை அவர்கள் நம்பிக்கையைப் பற்றிய வழக்காக மாற்றிவிடுகிறார்கள்.

முறையிடுபவர் பேசத் தொடங்கும் முதல் வாக்கியத்திலேயே இத்தவறு நேர்ந்துவிடுகிறது. “உங்கள் தொழுகையால் எங்களுக்கு நிம்மதி இல்லை”, “உங்கள் பஜனை தாங்க முடியவில்லை”, “உங்கள் ஆராதனைக் கூச்சல் எப்போது நிற்கும்” என்று சொல்லும்போது, கேட்பவருக்குத் தம் சமயத்துக்காக வாதாடுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. மாறாக, “காலை ஐந்து மணிக்கு வடக்கு நோக்கியிருக்கும் ஒலிபெருக்கியின் ஓசை எங்கள் படுக்கையறைக்குள் கேட்கிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது” என்று சொன்னால், அதற்குச் செய்யத்தக்க மறுமொழி ஒன்று இருக்கிறது. கருவியைத் திருப்பலாம், அளவைக் குறைக்கலாம், அந்த ஒன்றை மட்டும் நிறுத்தலாம். இவற்றில் எதைச் செய்தாலும் வழிபாடு வழிபாடாகவே நடக்கும்.

ஒலியின் இயல்பை அறியாமையும் பிணக்கை வளர்க்கிறது. ஒலியை அளக்கும் டெசிபல் அளவுகோல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது, காதுக்கோ அது ஏறத்தாழ இருமடங்கு உரத்ததாகத் தோன்றுகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆகவே 200 மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஒரே ஒலிபெருக்கியை முடுக்கினால், 25 மீட்டரில் வசிப்பவர் அதைவிட ஏறத்தாழ 18 டெசிபல் கூடுதலான ஒலியைத் தாங்க வேண்டியிருக்கிறது. நடத்துபவர்கள் உள்ளே நின்று கேட்பதால் இந்த வேறுபாடு அவர்களுக்குப் புலப்படுவதே இல்லை. “அப்படி ஒன்றும் சத்தம் இல்லையே” என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. கூடியிருப்போருக்குக் கேட்பதுதான் நோக்கம் என்றால், உயரத்தில் ஒரு கூம்பைக் கட்டுவதைவிட, உட்புறம் நோக்கிய சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றைத் தாழ்ந்த அளவில் வைப்பதே நல்லது. கூம்பு ஒலிபெருக்கி தான் பார்க்கும் திசையில்தான் ஒலியை மிகுதியாகத் தள்ளுகிறது என்பதால், அதைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதே பல வீடுகளுக்குப் பெரிய ஆறுதலாக அமையும். முரசும் தாழ்சுருதி ஒலிபெருக்கிகளும் வேறு வகை. அவற்றின் ஒலி சுவரையும் சாத்திய சன்னலையும் ஊடுருவும் என்பதால், “சன்னலை மூடிக்கொள்ளுங்களேன்” என்ற அறிவுரை அங்கே பயன்படாது.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. செல்பேசிச் செயலி காட்டும் எண்ணை இத்தகைய வரம்புகளோடு ஒப்பிட்டு, அதையே முடிந்த சான்றாக நீட்டுவோர் உண்டு. செயலியின் அளவீடு தோராயமானது. தமக்கு ஒரு மதிப்பீடு கிடைக்க அது உதவலாம். எதிரிலிருப்பவரின் வாயை அடைக்க அது போதாது.

இனி நடத்துபவர் பக்கம். ஒலியைக் குறைக்கக் கேட்பதே தம் சமயத்தின்மீது விழும் அடி என்று கருதுவது அவர்கள் செய்யும் பெருந்தவறு. ஒலிபெருக்கி இருபதாம் நூற்றாண்டில் பரவிய கருவி. அது தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எல்லா வழிபாடுகளும் முழுமையாக நடந்துவந்தன. சவூதி அரேபிய அரசே 2021இல் பள்ளிவாசல்களின் வெளிப்புற ஒலிபெருக்கிகளைத் தொழுகைக்கான அழைப்புகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றும், கருவியின் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் ஆணையிட்டது. சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலி தொடர்பாக எழுந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கூறியது. சிங்கப்பூரில் தொழுகை அழைப்பு வானொலியில் ஒலிபரப்பாகிறது, வேண்டியவர் கேட்கலாம். இத்தனைக்குப் பிறகும் பலர் அளவைக் குறைக்கத் தயங்குவதற்கு பக்தியைவிட அச்சமே காரணம் என்று நான் கருதுகிறேன். “அவர்கள் குறைக்காதபோது நாம் குறைத்தால் தாழ்ந்துபோவோம்” என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒலிபெருக்கி வழிபாட்டுக் கருவியாக இருப்பதை விட்டுக் கொடிக்கம்பமாகிவிடுகிறது. அந்தப் போட்டியில் இரு சமயத்து முதியவர்களும் நோயாளிகளும் ஒருங்கே தூக்கமிழக்கிறார்கள்.

இதற்கு ஈடான தவறு முறையிடுபவரிடமும் இருக்கிறது. தம் சமயத்தின் விழா ஒலி அவருக்கு மகிழ்ச்சியாகவும், அடுத்தவருடைய ஒலி இரைச்சலாகவும் கேட்கிறது. இது மனித இயல்பு என்றாலும், முறையீடு என்று வரும்போது அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எழுதிய மனுவில் பிற சமயத்தின் பெயரை நீக்கிவிட்டுத் தம் சமயத்தின் பெயரை இட்டுப் படித்துப் பார்க்கட்டும். அப்போதும் கையெழுத்திட மனம் ஒப்பினால் அது நேர்மையான மனு. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைக்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. விழாக்களில் இரவு நேர ஒலிபெருக்கிக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு வரை மட்டுமே, தளர்வு அளிக்கலாம். எந்தச் சமயத்தின் பெயரும் அவ்விதிகளில் இல்லை. திருமண ஊர்வலமும் கட்சிக் கூட்டமும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவையே. வழிபாட்டிடத்தின்மீது மட்டும் விதியைக் காட்டி, மற்றவற்றை விட்டுவிடுபவரின் நோக்கத்தை எதிர்த்தரப்பு ஐயுறுவதில் வியப்பில்லை.

சட்டம் எப்போதும் தம் பக்கமே நிற்கும் என்று நம்பி நேரே வழக்குக்குப் போவதும் சரியன்று. சுவிட்சர்லாந்தின் வேடன்சுவில் நகரில் இரவிலும் கால்மணிக்கொருமுறை அடிக்கும் தேவாலய மணிக்கு எதிரான வழக்கில், கீழ்நீதிமன்றம் முறையிட்டவர் பக்கம் நின்றபோதிலும், 2017இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் மணி தொடர்ந்து ஒலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நீண்டகால வழக்கத்துக்கும் எடை உண்டு என்று நீதிமன்றங்கள் கருதுவதுண்டு. பேச்சுவார்த்தையில் கிடைக்கக்கூடியது தீர்ப்பில் கிடைக்காமல் போகலாம்.

பேசுவதற்கும் பக்குவம் வேண்டும். விழா நாளன்றே, ஊரார் கூடியிருக்கும் நேரத்தில் போய்ப் பேசக் கூடாது. அன்று விட்டுக்கொடுப்பது தலைகுனிவாகத் தோன்றும். கூட்டமாகப் போகாமல், முடிந்தால் அதே சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது, ஏனெனில் அதே ஒலி அவரையும் எழுப்பியிருக்கும். காணொளி எடுத்துப் பொதுவெளியில் பரப்பியபின் சமாதானம் பேசப் போவது வீண்வேலை. பேச்சு பலிக்காவிட்டால், நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்ற குறிப்புகளோடு அதிகாரிகளிடம் எழுத்தில் முறையிடலாம். அதில் சமயத்தைப் பற்றிய சொல் ஒன்றுகூடத் தேவையில்லை.

தெருவை அடைக்கும் ஊர்வலங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதையும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படாததும், ஆம்புலன்ஸ் செல்ல ஓர் ஓரத்தையாவது விட்டுவைக்காததும்தான் பெரும்பாலான கோபத்துக்கு வேர்.

சமயப் பரப்புரை இன்னும் நுட்பமானது. தம் நம்பிக்கையைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது உரிமை. கேட்பவர் விலகிச் செல்ல முடியாத நிலையில் இருக்கிறாரா என்பதைக் கவனிக்காமல் விடுவது தவறு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக வரைந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று தம் சமயத்தைப் பற்றிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் பக்கம் அது 1993இல் நின்றது. 1998இல் அதே நாட்டின் விமானப்படை அதிகாரிகள் தமக்குக் கீழே பணியாற்றியவர்களிடம் பரப்புரை செய்ததற்குத் தண்டனை பெற்ற வழக்கில் அத்தண்டனை உரிமை மீறல் அல்ல என்றது. அவர்களுள் இருவரைப் பொதுமக்களிடம் பேசியதற்காகத் தண்டித்ததை மட்டும் உரிமை மீறல் என்றது. மேலதிகாரி பேசும்போது, கீழிருப்பவர் கேட்க விருப்பமில்லை என்று சொல்வது எளிதன்று. மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர், மாணவர், வாடகைக்குக் குடியிருப்பவர் ஆகியோரும் அந்நிலையில்தான் இருக்கிறார்கள். அலுவலகக் கூட்டத்துப் பிரார்த்தனையும் இதன்பாற்பட்டதே: “விருப்பமில்லாதவர் வெளியே நிற்கலாம்” என்பது, தம் நம்பிக்கையை எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்குச் சமம். வாசலுக்கு வந்தவரிடமோ, “வேண்டாம், நன்றி” என்பதே போதும். அவருடைய கொள்கையை அங்கேயே மறுத்து வாதாடத் தொடங்கினால், விரும்பாத உரையாடலை நாமே நீட்டிக்கொள்கிறோம்.

தொல்லைகளால் சலித்துப்போனவர்கள் கடைசியில் வந்து சேரும் தவறு ஒன்று உண்டு: பொது இடத்தில் சமயத்தின் சுவடே இருக்கக் கூடாது என்று கேட்பது. கண்ணில் படுவதெல்லாம் தீங்கு ஆகாது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, நம்பிக்கையை வெளிப்படுத்தும் உரிமைக்குப் பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, நலவாழ்வு, ஒழுக்கம், பிறருடைய அடிப்படை உரிமை ஆகியவற்றின் பொருட்டு மட்டுமே சட்டத்தின் வழி வரம்பிட இடம் தருகிறது. பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2013இல் பிரிட்டன் தொடர்பான வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றம், சிலுவை அணிந்து பணிசெய்ய விரும்பிய விமான நிறுவன ஊழியருக்குச் சாதகமாகவும், அதையே விரும்பிய செவிலியருக்கு எதிராகவும் முடிவு செய்தது. செவிலியர் கழுத்தில் தொங்கும் சங்கிலியை நோயாளி பற்றி இழுக்க நேரலாம், புண்ணில் படலாம் என்ற மருத்துவமனையின் கவலையை அது ஏற்றது. விமான நிறுவன ஊழியரின் சிறு சிலுவையால் யாருக்கும் எந்த இடையூறும் இல்லை.

குடியிருப்புச் சங்கங்களும் அலுவலகங்களும் இதே வேறுபாட்டை வைத்துத் தம் விதிகளை எழுதிக்கொள்ளலாம். ஒருவர் வாசற்கதவில் மாட்டும் சமயச் சின்னத்துக்கு அனுமதி தேவையில்லை. பொதுக்கூடத்தைப் பயன்படுத்தும் விழாவுக்கு முன்பதிவு, முடிவு நேரம், ஒலியளவு, சுத்தம் செய்யும் பொறுப்பு ஆகியவை எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு போன்ற பொதுச் செய்திகள் மட்டும் இடம்பெறலாம். இவ்விதிகளை எழுத உகந்த காலம், எந்தச் சமயத்தின் பெருவிழாவும் அண்மையில் இல்லாத ஒரு மாதம். விழா நெருங்கும்போது எழுதப்படும் விதியை, அந்த விழாவைக் கொண்டாடுபவர் தமக்கு எதிரானதாகவே படிப்பார்.